அடியில் இருந்த சிவப்பு

அக்காவுக்குக் கல்யாணம் பேச எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று, அத்தான் அக்காவைச் சரியாகப் பார்த்தாரோ இல்லையோ, கூடத்து மர அலமாரியை நன்றாகப் பார்த்தார். அதன் ஓரத்தைக் கட்டை விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, கீழ்க்கதவு மட்டும் பிற்பாடு மாற்றியது போலிருக்கிறதே என்று அப்பாவிடம் கேட்டார். அந்தக் கதவை மாற்றிய விஷயம் அம்மாவுக்கே தெரியாது. அவள் ஊரில் இல்லாத நேரம் நான் பந்தடித்து உடைத்ததை, அப்பா தச்சரைக் கூப்பிட்டுக் கமுக்கமாகச் சரிசெய்து வைத்திருந்தார். வந்தவர் போனபிறகு நானும் அப்பாவும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். இந்த ஆள் நமக்குச் சரிப்பட மாட்டார் என்று அன்றே அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு அவரையே கட்டிக்கொண்டாள்.

அப்போது அவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தார். அடிபட்ட வண்டிகளைப் போய்ப் பார்த்து, எது லாரி இடித்த பள்ளம், எது வண்டிக்காரரே சுத்தியலால் தட்டிக்கொண்ட பள்ளம் என்று சொல்கிற வேலை. ஓய்வு பெற்றதும் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கலாம். பழைய கார் பைத்தியங்கள் விட்டால்தானே. கொட்டகையில் எலி குடித்தனம் நடத்தும் ஒரு வண்டியை, அது தொழிற்சாலைக் கதவைத் தாண்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று இவர்களுக்கு ஆசை. அதில் இறங்குவதற்கு முன்னால், கிடக்கிற வண்டியில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ஒட்டுவேலை என்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர்தான் அத்தான்.

அவர் சட்டைப் பையில் ஒரு காந்தம், கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி, ஒரு கோணி ஊசி. காந்தம் ஒட்டவில்லை என்றால் தகரம் இருக்க வேண்டிய இடத்தில் பட்டி பூசி மெழுகியிருக்கிறார்கள் என்று பொருள். ஊசி, கதவுக்குக் கீழே ஓடும் தகரத்துக்கு. குத்துவார், உள்ளே போனால் துரு தின்றுவிட்டது. பளபளவென்று நிற்கிற வண்டியில் ஊசி அலுங்காமல் இறங்கும்போது அதன் சொந்தக்காரர் முகத்தைப் பார்க்கவே நான் கூடப் போவேன். ஊரில் அவருக்குக் கோணி ஊசி என்றே பெயர் விழுந்துவிட்டது. பாதிப் பெயர் பையில் இருந்ததற்கு, மீதிப் பெயர் வாயில் இருந்ததற்கு. கோபம் வந்தால் அக்காவும் அப்படித்தான் சொல்வாள்.

நான் பேட்டரிக் கடை வைத்திருப்பவன். அவரைக் கூட்டிப் போவதும், வண்டிக்கு அடியில் டார்ச் அடிப்பதும் என் பொறுப்பு. ஏனென்றால் அத்தானுக்குக் கார் ஓட்டத் தெரியாது. வாழ்நாளெல்லாம் காருக்கு அடியில் படுத்திருந்தவருக்கு லைசென்ஸ் கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் எப்படித் தைரியமாக ஓட்டுவான் என்று என்னையே திருப்பிக் கேட்பார்.

அவருக்கு ஒரே மகள். அவரிடம் வண்டி காட்ட வந்து போய்க்கொண்டிருந்த ஒரு பையனைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். பழைய கார்களைப் பிரித்துச் சேர்க்கிற ஷெட் வைத்திருந்தான். கை சுத்தம், பேச்சு சுத்தம், பெரியவர்களிடம் குரல் உயர்த்தாதவன். ஊரில் உள்ள அத்தனை தகரத்தையும் குத்திப் பார்த்த மனிதர் மாப்பிள்ளையை மட்டும் குத்திப் பார்க்கவில்லை. மகளுக்குப் பிடித்திருக்கிறது என்றதும் பையைத் தடவாமலேயே சரி என்றார். அதில் எனக்கு அன்றும் வருத்தம், இன்றும் வருத்தம்.

டாக்டர் ஒருவர் வந்தார். பல் டாக்டர், மென்மையான மனிதர், பல்லைப் பிடுங்கும்போதுகூட மன்னிப்புக் கேட்பார் போல. அவருடைய அப்பாவிடம் இங்கிலாந்தில் செய்த ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்திருக்கிறது. இரண்டே சீட்டு, மேலே மூடி கிடையாது, கம்பிச் சக்கரம். டாக்டர் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அப்பா இறந்துபோக, வண்டி கைமாறிக் கைமாறி எங்கேயோ போய்விட்டது. அப்பா மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்ததும், எதிரே நீளமாகப் பச்சை பானட் தெரிந்ததும்தான் அப்பாவைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே ஞாபகம். வண்டியின் எண் பழைய காகிதம் ஒன்றில் இருந்தது. அந்த எண்ணை மாப்பிள்ளையிடம் கொடுத்துத் தேடச் சொன்னார். மாப்பிள்ளை தேடினான், கிடைத்துவிட்டது என்றான். டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: கோணி ஊசி வந்து பார்த்து, இது அப்பாவின் வண்டிதான் என்று சொல்ல வேண்டும். சொந்த மாப்பிள்ளை விஷயமாக இருந்தாலும் அவர் பொய் சொல்ல மாட்டார் என்று பத்துப் பேர் டாக்டரிடம் சொல்லியிருந்தார்கள்.

போவதற்கு முந்தின நாள் மகள் வந்தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஷெட்டில் வேலை இல்லாமல் போனதை, அவன் அங்கே இங்கே கடனுக்குக் கைநீட்டியதை எல்லாம் சுற்றி வளைத்துச் சொன்னாள். கடைசியில் வந்த விஷயத்துக்கு வந்தாள்.

"இந்த வண்டியும் போச்சுன்னா ஷெட்டை மூடிட்டு வெளிநாடு போறேன்னு சொல்றாருப்பா. என்னை இங்கயே இருந்துக்கச் சொல்றாரு. சும்மா மிரட்டல, டிக்கெட்டு வரைக்கும் விசாரிச்சுட்டாரு. வண்டில ஏதாவது கோளாறு இருந்தா எங்ககிட்ட சொல்லுங்க. டாக்டர்கிட்ட சொல்லாதீங்க."

அத்தான் தட்டில் இருந்ததைத் திரும்பத் திரும்பப் பிசைந்துகொண்டிருந்தார். அக்கா சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

வண்டி கிடந்தது, மூடிப்போன அச்சகத்தின் பின்பக்கக் கொட்டகையில். தார்ப்பாயை எடுத்ததும் தூசி எழுந்து எங்கள் நான்கு பேரையும் இருமவைத்தது. அத்தான் வழக்கம்போல முதலில் எதையும் தொடாமல் ஒரு சுற்று வந்தார். கதவுக்கும் உடம்புக்கும் இடையே இருந்த சந்து மேலே ஒரு விதமாகவும் கீழே ஒரு விதமாகவும் இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அந்தக் காலத்தில் இந்த வண்டிகளைக் கையால் பொருத்தினார்கள், சந்து கோணலாகத்தான் இருக்கும், நேராக இருந்தால்தான் பிற்பாடு யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று டாக்டருக்கு விளக்கினார். சீட்டுத் தோல் வெடித்து உள்ளேயிருந்த குதிரை மயிரை எலி இழுத்துப் போட்டிருந்தது. கடிகார முட்கள், ஸ்விட்சுகள், துணி சுற்றிய வயர்கள் எல்லாம் அந்தக் காலத்தவை. காந்தம் போன இடமெல்லாம் ஒட்டியது. டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். மாப்பிள்ளை கைகட்டி ஓரமாக நின்றான்.

பிறகு அத்தான் கோணியை விரித்து அடியில் போனார். நானும் டார்ச்சோடு பக்கத்தில் படுத்தேன். அவருக்கு ஒரு விதி உண்டு. மட்கார்டு மாறலாம், கதவு மாறலாம், இன்ஜின்கூட மாறலாம். சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் மாறினால் அது வேறு வண்டி. வண்டியின் எண்ணை அந்தச் சட்டத்தில்தான் பொறித்திருப்பார்கள். எண் இருந்தது. டாக்டர் காகிதத்தில் இருந்த அதே எண். அதைச் சுற்றி இருந்த துருவை அத்தான் ஊசி நுனியால் சுரண்டினார். மற்ற இடத்திலெல்லாம் துரு கறுத்து, வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காக உரிந்தது. எண் இருந்த இடத்தில் மட்டும் மஞ்சளாக, பொடியாக உதிர்ந்தது. உப்புத் தண்ணீர் தெளித்து அவசரமாக வரவழைத்த துரு. இன்னும் கொஞ்சம் சுரண்டியதும் எண்ணைச் சுற்றி நாலு பக்கமும் மெல்லிய வெல்டிங் கோடு தெரிந்தது. எண் பொறித்த துண்டை மட்டும் வேறு வண்டியிலிருந்து வெட்டி எடுத்து, இந்தச் சட்டத்தில் பதித்துத் தேய்த்திருந்தார்கள். டாக்டரின் அப்பா வண்டியில் மிச்சம் அந்தத் துண்டுதான். மற்றதெல்லாம் எங்கேயோ பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

நான் கண்டதை அவரும் கண்டார் என்று எனக்குத் தெரியும். என் கையிலிருந்த டார்ச்சை மெதுவாக வேறு பக்கம் திருப்பிவிட்டார். அதற்குப் பிறகும் எழுந்திருக்கவில்லை, அப்படியே மல்லாந்து கிடந்தார். வெளியே டாக்டரின் கறுப்பு ஷூ இங்கும் அங்கும் நடந்தது எங்களுக்குத் தெரிந்தது. கடைசியில் அத்தான் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க அப்பா வண்டிதாங்க."

டாக்டர் பானட்டின் மேல் இரண்டு கையையும் வைத்துக் குனிந்து அழுதார். தூசியெல்லாம் சட்டையில். மாப்பிள்ளை அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தான். அத்தான் ஊசியைத் தேடிக்கொண்டிருந்தார்; அது அவர் கையில்தான் இருந்தது.

திரும்பி வரும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். மாப்பிள்ளையை எவனோ ஏமாற்றி இதை அவன் தலையில் கட்டியிருக்கிறான், பாவம், அவன் பிழைத்துப் போகட்டும் என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நானும் நம்பினேன். வழியில் ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சாலையோரம் நின்றுவிட்டு, மறுபடி ஏறிக்கொண்டார்.

பேச்சு எங்கே முடிந்தது? டாக்டர் நல்லவர், நல்லவர்களால் வருகிற தொல்லை இருக்கிறதே, அது தனி. இவ்வளவு தெரிந்த மனிதர் கூடவே இருந்து ஒவ்வொரு திருகும் சரிதானா என்று பார்த்துத் தர வேண்டும் என்று கெஞ்சினார். அத்தான் மாட்டேன் என்று சொல்வதற்குள் மகள் சரி என்றுவிட்டாள். ஆக வாரா வாரம் ஷெட்டுக்குப் போனோம். நான் என் வாழ்நாளில் அத்தானை அவ்வளவு கறாராகப் பார்த்ததில்லை. நட்சத்திர வெட்டுத் திருகு போட்டால் கழற்றச் சொல்வார், ஒற்றைக் கோடு வெட்டியதுதான் வேண்டும் என்பார். பிளாஸ்டிக் வயரை இழுத்து எறிவார். புதுத் தோலின் தையல் கண் நெருக்கமாக இருக்கிறது என்று சீட்டு முழுவதையும் பிரிக்கவைத்தார். தகரம் தட்டுகிற டிங்கர், கதவுச் சந்தின் கோணலை அழகாக நேராக்கி வைத்திருந்தார்; பழையபடி கோணலாக்கு என்று அத்தான் அவரிடம் சண்டை போட்டார். டிங்கர் அன்று சாப்பிடவே இல்லை.

ஒரு நாள் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த திருகுகளைப் பற்றி இப்படித்தான் கத்திக்கொண்டிருந்தார். யார் கண்ணுக்கும் படாத இடம். மாப்பிள்ளை துணியால் கையைத் துடைத்தபடி வந்தான். குரல் உயர்த்தாதவன் அன்றும் உயர்த்தவில்லை.

"பொய்யான வண்டிக்கு நிஜத் திருகு எதுக்கு மாமா?"

அத்தான் அவனைப் பார்த்தார். அவன் பார்வையைத் திருப்பவில்லை. கிண்டல்கூட இல்லை அதில், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவன் போல நின்றான். அந்தத் துண்டை வெட்டியதும் பதித்ததும் உப்புத் தண்ணீர் தெளித்ததும் யார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மகளுக்கும் முன்னாலேயே தெரியும் என்பது அடுத்து உறைத்தது. எனக்கு அவனைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. அத்தான் குனிந்து, கழற்றிய திருகுகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டார். நாளைக்கு மாற்றிவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அத்தான் அதோடு ஒதுங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்து நிறப் பிரச்சினை வந்து சேர்ந்தது. வண்டியின் மேலே வெளிறிய நீலம். அதைச் சுரண்டினால் வெண்ணெய் நிறம். அதையும் சுரண்டினால், பிரைமருக்கு மேலே முதல் பூச்சாக, சிவப்பு. பச்சை எங்கேயும் கிடையாது. கிடைக்காதே, அது வேறு யாருடைய வண்டியோ. டாக்டருக்குப் பச்சைதானே ஞாபகம், பச்சை அடித்துவிடலாம், அவர் பாட்டுக்குச் சந்தோஷமாகப் போவார் என்றான் மாப்பிள்ளை. உலகத்தில் அவன் சொன்ன ஒரே நல்ல யோசனை அதுதான். அத்தான் ஒரே பிடியாக மறுத்தார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. தனியாகக் கூப்பிட்டு, இவ்வளவு தூரம் வந்த பிறகு சிவப்பானால் என்ன, பச்சையானால் என்ன என்று கேட்டேன்.

"ஒரு பொய் சொல்லியாச்சு. ரெண்டாவது சொல்ல மாட்டேன். இந்த வண்டி சிவப்பு."

இதுதான் அவருக்கு மிச்சமிருந்த யோக்கியதை. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டாக்டரைக் கூப்பிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் கண்ணாடியை நீட்டி, பிரைமரையும் அதற்கு மேல் இருந்த சிவப்பையும் காட்டினார். தொழிற்சாலையில் அடித்தது இதுதான் என்றார். அதில் பொய்யே இல்லை. டாக்டர் நீண்ட நேரம் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு, தனக்கு அப்போது விவரம் தெரியாத வயது, பச்சை என்று எப்படியோ மனதில் பதிந்திருக்கிறது, தப்பாக இருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். அப்பாவைப் பற்றி அவரிடம் இருந்தது அந்தப் பச்சை பானட் ஒன்றுதான். அதை அன்று ஷெட்டில் விட்டுவிட்டுப் போனார். அத்தான் தலையாட்டினார். அந்த இடத்தில் அத்தானை நான் வெறுத்தேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

வண்டி முடிந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு அழகு. சிவப்பு உடம்பு, கம்பிச் சக்கரம், கோணல் சந்து, ஒற்றைக் கோட்டுத் திருகுகள். டாக்டர் இத்தனை நாளாக இதைத் தன் அம்மாவிடம் மூச்சுவிடவில்லை. திடீரென்று காட்டி அவரைத் திகைக்கவைக்க வேண்டும் என்று ஆசை. ஷெட்டைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தார்கள். மகள் எல்லோருக்கும் டம்ளரில் பழச்சாறு ஊற்றிக்கொண்டிருந்தாள். டாக்டர் தன் அம்மாவை அழைத்து வந்தார்.

ஒல்லியான, நிமிர்ந்த அம்மாள். கணவர் போனபிறகு தனியாகப் பிள்ளையை வளர்த்தவர், இன்றுவரை தன் மாத்திரை, தன் கணக்கு, தன் சாவி எல்லாம் தானே பார்த்துக்கொள்பவர் என்று டாக்டர் பெருமையாகச் சொல்லியிருந்தார். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். நன்றாக இருக்கிறதே, யாருடையது என்று கேட்டார்.

டாக்டர் சிரித்துக்கொண்டே அப்பாவுடையது என்றார். அம்மாள் சிரிக்கவில்லை. இது இல்லை என்றார். டாக்டர் அம்மாவைத் தோளில் பிடித்து, அடியில் இருந்த முதல் பூச்சைக் கண்டுபிடித்தது, அது சிவப்பாக இருந்தது எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். அம்மாள் முழுவதையும் கேட்டார்.

"நிறம் சொன்னதே நான்தானேப்பா. கடைக்காரர் சிவப்பு கைவசம் இருக்கு, இப்பவே எடுத்துக்கங்கன்னாரு. எனக்குப் பச்சைதான் வேணும்னேன். கப்பல் வர வரைக்கும் காத்திருந்து எடுத்தோம். உங்கப்பா தினம் தினம் துறைமுகத்துக்குப் போன் பண்ணுவாரு."

 டாக்டரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவர் அம்மாவைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பிறகு அத்தான் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் சந்தேகம் இல்லை, பயம்தான் இருந்தது. அம்மாவை நினைத்து வந்த பயம்.

"சார், நீங்களே அம்மாவுக்குச் சொல்லுங்க."

அத்தான் மகளைப் பார்த்தார். அவள் கையில் ஜாடியோடு நின்றாள், ஊற்றுவதை நிறுத்தியிருந்தாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். சொல்லிவிடுங்கள் அத்தான், இப்போதாவது சொல்லித் தொலையுங்கள் என்று எனக்குள் கத்தினேன். நானும்தான் வாயைத் திறக்கவில்லை.

"சிவப்புதாம்மா இருந்திருக்கு. கடையில அந்த சிவப்பைத்தான் எடுத்திருப்பீங்க. ரொம்ப வருஷம் ஆச்சுல்ல, மாத்தி ஞாபகம் வந்திருக்கும்."

அம்மாள் அவரையே பார்த்தார். அவர் யார் என்று மகன் காதோரம் சொன்னார்: இந்த விஷயத்தில் பொய்யே சொல்லாதவர் என்று. அம்மாள் கையை நீட்டி பானட்டைத் தொட்டார், உடனே எடுத்துக்கொண்டார்.

"நீங்க பாத்திருந்தா சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் தப்புது போல."

அதற்குப் பிறகு டாக்டர் கை கொடுக்காமலேயே அம்மாள் மகனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வரும்போது அப்படி நடக்கவில்லை.

மகள் நன்றாக இருக்கிறாள். மாப்பிள்ளை எங்கேயும் போகவில்லை, ஷெட்டில் நிற்க இடமில்லாமல் வண்டிகள் வருகின்றன. அத்தான் அதன் பிறகு எந்த வண்டியையும் பார்க்கப் போகவில்லை. கண் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். அப்பா ஏன் வீட்டுக்கு வருவதே இல்லை மாமா என்று அவள் என்னிடம் போனில் கேட்டாள். எனக்குத் தெரியாது என்று வைத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து டாக்டர் அத்தானைப் போனில் கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். அத்தானுக்கு ஒரு காது மந்தம், போனை எப்போதும் சத்தமாகத்தான் வைப்பார். வண்டியைப் பற்றி என்னவோ கேட்கப்போகிறார் என்று நினைத்தோம். டாக்டர் நன்றி சொல்லக் கூப்பிட்டிருந்தார். அம்மாவை நரம்பு டாக்டரிடம் காட்டி வருகிறார்களாம். இப்போதெல்லாம் மாத்திரையைக்கூட மருமகளிடம் கேட்டுத்தான் எடுக்கிறாராம், சாப்பிட்டேனா என்று கேட்கிறாராம், சாவியைத் தானாகவே கொடுத்துவிட்டாராம். அன்றைக்கு ஷெட்டில் தெரியாமல் போயிருந்தால் இன்னும் எவ்வளவு முற்றியிருக்குமோ என்றார்.

அத்தான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உங்க அம்மாவுக்கு ஞாபகம் நல்லா இருக்குங்க. அவங்க சொன்னதுதான் சரி. அந்த வண்டி பச்சைதான்."

மறுமுனையில் டாக்டர் சிரித்தார், அதே மென்மையான சிரிப்பு.

"எங்க மனசு ஆறணும்னு சொல்றீங்க. உங்களுக்குப் பெரிய மனசு சார்."

அடுத்த ஆள் நாற்காலியில் காத்திருப்பதாகச் சொல்லி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அவர் போனை வைத்தார்.